வீட்டுத் தோட்டம்: இலையில் நில்லாத நீர்

சுன்னாகத்துக்கு அண்மையிலிருந்து ஒரு சகோதரியார் எழுதிய கடிதம் மூன்று வாரங்களாக என் மேசைமீது கிடக்கின்றது. இரண்டு வரியில் விடை எழுதி முடிக்கக்கூடிய கடிதமன்று அது. அம்மையார் தம் வீட்டு வளவில் 40 மிளகாய்க் கன்றுகளை நாட்டி, அவற்றின் வருவாயை மகளின் கல்விச் செலவுக்கென ஒதுக்கி வளர்த்து வருகிறார். தளிரிலைகள் மேனோக்கிச் சுருளத் தொடங்கவே, இது பனிப்பூச்சியின் வேலை என்று சரியாகவே உணர்ந்து, அயலார் சொன்ன முறைப்படி வேப்பெண்ணெயையும் சவர்க்காரக் கரைசலையும் கிணற்று நீரிற் கலந்து, மாலைப்பொழுதில் கைத்தெளிகருவியால் விசிறியிருக்கிறார். நான்காம் நாள் சென்று பார்த்தபோது முதல் 32 செடிகளிலும் பூச்சி முன்போலவே குடியிருந்தது. கடைசி வரிசையின் 8 செடிகளிலோ இலைகள் கருகித் தொங்கின. “ஒரே வாளியிற் கலந்த ஒரே மருந்து. முப்பத்திரண்டு செடிக்கு அது தண்ணீராய்ப் போயிற்று; எட்டுச் செடிக்கு நஞ்சாய்ப் போயிற்று. எண்ணெயிலே கலப்படமா, அல்லது என் கைராசியா?” என்று கேட்கிறார்.

எண்ணெயை ஐயுற வேண்டியதில்லை. கைராசியையும் நொந்துகொள்ள வேண்டியதில்லை. பழி முழுவதும் கிணற்றைச் சார்ந்தது. அஃது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ள, இலைக்கும் நீருக்கும் உள்ள உறவை முதலிற் பார்த்துவிடுதல் நன்று.

ஒட்டியும் ஒட்டாமலும் வாழ்பவரைத் தாமரையிலைத் தண்ணீர் என்கிறோம். தாமரைக்கு மட்டுமன்றி இலைகள் பலவற்றுக்கும் இக்குணம் ஓரளவு உண்டு. இலையின் மேற்றோலை ஒரு மெழுகுப் படை மூடியிருக்கின்றது. சேம்பு, வெங்காயம், கோவா, வாழை ஆகியவற்றில் இம்மெழுகு நுண்ணிய மணிகளாகவும் செதில்களாகவும் எழுந்து நிற்பதால், நீர்த்துளி இலையைத் தொடாமல் அவற்றின் முனைகளிலேயே உருண்டோடுகின்றது. ஜேர்மனியின் பொன் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் வில்கெல்ம் பார்த்லொட் என்பவர் நைன்ஹூயிஸ் என்பவருடன் சேர்ந்து 1997ஆம் ஆண்டு இதனை விரிவாக எழுதிய பின்னர், இக்குணத்துக்குத் தாமரையின் பெயரே உலகெங்கும் வழங்கலாயிற்று. நம் வீட்டுப் பாட்டிமாருக்கு அது புதினமன்று.

இலைப்பக்கம் இவ்வாறிருக்க, நீரின் பக்கத்திலும் ஒரு பிடிவாதம் உண்டு. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதால் அதன் மேற்பரப்பு ஓர் இழுபட்ட தோல்போல நடந்துகொள்கின்றது. இதனையே பரப்பிழுவிசை என மாணவர் படிக்கின்றனர். சாதாரண வெப்பநிலையில் நீருக்கு இது மீற்றருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூற்றன். நல்லதொரு நனைக்கும் பொருளைச் சிறிதளவு சேர்த்தால் 30 அளவுக்கு இறங்கிவிடும். அப்போது துளி தன் உருண்டை வடிவத்தைக் கைவிட்டு இலைமேற் படர்கின்றது. நனைக்கும் பொருளின் மூலக்கூற்றில் ஒரு முனை நீரை விரும்புவது, மறுமுனை எண்ணெயையும் மெழுகையும் விரும்புவது. இருவருக்கும் வேண்டிய தரகர்போல அது நடுவில் நின்று உறவை உண்டாக்கி வைக்கின்றது.

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மருந்துத் துளிப்பான் ஒன்றினால் 1 மில்லிலீற்றர் நீர் எத்தனை துளியாக விழுகின்றதென எண்ணுக. பின்னர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்த நீரை அதே துளிப்பானால் எண்ணுக. துளிகள் சிறுத்து, எண்ணிக்கை மிகுந்துவிடும். இத்தகைய ஆராய்ச்சிக்குப் பெரிய கூடம் வேண்டுமென்று எண்ணற்க. ஜேர்மனியிற் பிறவுன்சுவைக் நகரில் பெற்றோரைப் பேணிக்கொண்டு வீட்டிலிருந்த அக்னெஸ் பொக்கெல்ஸ் என்னும் பெண்மணி, பல்கலைக்கழகக் கல்விக்கு வழியில்லாத நிலையில், ஒரு தகரத் தொட்டியில் நீரை நிரப்பி, அதன்மேல் எண்ணெயும் சவர்க்காரமும் படரும்போது நிகழ்வனவற்றை ஆண்டுக்கணக்காக அளந்து குறித்து வைத்தார். 1891இல் அதனைக் கடிதமாக எழுதி இங்கிலாந்துப் பேரறிஞர் றேலிப் பிரபுவுக்கு அனுப்ப, அவர் வியந்து அதனை ‘நேச்சர்’ என்னும் அறிவியல் ஏட்டில் வெளியிடச் செய்தார். பரப்புப் பற்றிய இன்றைய அறிவியலின் வேர்களுள் ஒன்று அந்தத் தகரத் தொட்டியிலேதான் இருக்கின்றது.

நிற்க, சகோதரியாரின் கிணற்றுக்கு வருவோம்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறைமேல் அமைந்தது. அப்பாறையின் வெடிப்புகளில் தங்கும் மழைநீரே நம் கிணறுகளில் ஊறுகின்றது. ஆதலின் அதிற் கல்சியம் மிகுதி. கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படியும் காறை அதற்குச் சாட்சி. இவ்வாறான வன்னீரிற் சவர்க்காரத்தைக் கரைத்தால், நுரை எழுவதற்கு முன்னரே சவர்க்காரம் கல்சியத்தோடு கூடி, நீரிற் கரையாத வெண்டிரையாகத் திரிந்துவிடும். சவர்க்காரம் திரிந்தபின் எண்ணெயை நீரோடு பிணைத்து வைக்க ஆளில்லை. கலக்கியபோது பால்போலத் தோன்றிய கலவை சிறிது நேரத்திற் பிரிந்து, எண்ணெய் மேலே மிதக்கும். தெளிகருவியின் குழாயோ அடியிலிருந்தே உறிஞ்சுவது. எனவே முதல் 32 செடிகளும் பெற்றது பெரும்பாலும் கிணற்று நீர். அடித்தண்ணீர் தீர்ந்தபின் குழாய்க்கு எட்டியது மிதந்த எண்ணெய். அது கடைசி 8 செடிகளின்மேல் ஏறத்தாழ முழுவலுவோடு விழுந்தது. எண்ணெய் தடித்துப் படிந்தால் இலைவாய்கள் அடைபடும், இளந்தோல் வெந்துபோகும். அவ்வளவே நடந்தது.

இதனை இத்துணை உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நானும் அதே பள்ளத்தில் விழுந்தவன் என்பதுதான். நுவரெலியாவில் வசித்த நாளில் ஓடை நீரில் ஒரு துண்டுச் சவர்க்காரத்தைக் கரைத்துக் கோவாவுக்கு அடிப்பேன்; அழுக்கணவன் ஒழிந்துவிடும். அந்நீர் மென்னீர் என்பதை அன்று நினைத்துப் பார்த்தவனல்லேன். வடக்கே வந்து அதே அளவிற் கரைத்தபோது நுரை எழவில்லை. சவர்க்காரம் தரக்குறைவு என்று கடைக்காரரோடு வாய்த்தர்க்கம் செய்துவிட்டு, மூன்று மடங்கு சேர்த்து அடித்தேன். தேசிமரத்தின் தளிரெல்லாம் உதிர்ந்தது. பெரிய மரமாதலின் பிழைத்துக்கொண்டது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஆகவே நனைக்கும் பொருளைத் தெரிவதற்கு முன் நீரைச் சோதிக்க வேண்டும். ஒரு போத்தலிற் பாதிக்குக் கிணற்று நீரை எடுத்து, சவர்க்காரச் சீவலைச் சிறிது இட்டுக் குலுக்குக. நுரை நின்றால் மென்னீர். வெண்டிரை மிதந்தால் வன்னீர். வன்னீர்க்காரர் கூரையிலிருந்து மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்வதே மிகச் சிறந்த வழி. நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மேலே தெளிந்ததை இறுத்தெடுப்பினும் வன்மையின் பெரும்பகுதி காறையாய்ப் படிந்து நீங்கும். பொற்றாசியச் சவர்க்காரம் வன்னீரிலும் திரியாது என்று சிலர் கூறுவர். அது தவறு, அதுவும் திரியும். இலைக்குச் சோடியச் சவர்க்காரத்தினும் அது மென்மையானது என்பது மட்டும் உண்மை.

மழைநீர் கிடையாதவர் சவர்க்காரத்தை விட்டுவிடலாம். பாத்திரம் கழுவும் திரவம் சவர்க்காரமன்று. அதன் மூலக்கூறு கல்சியத்தோடு எளிதிற் திரையாது. லீற்றர் நீருக்கு 1 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டியின் ஐந்திலொரு பங்கு, நனைப்பதற்குப் போதும். அது தோட்டத்துக்கென்று செய்யப்பட்ட பொருளன்று. நிறமும் வாசனையும் சேர்ந்திருக்கும். ஆதலாற் கைக்கு எட்டிய உபாயம் என்றே அதனைக் கொள்ளலாம். நிலையாகத் தோட்டஞ் செய்பவர் விவசாயப் பொருட்கடையில் அயனல்லாத நனைக்கும் பொருளைக் கேட்டு வாங்குதல் உத்தமம். அதற்கு மின்னேற்றம் இல்லாமையால் வன்னீரும் மென்னீரும் ஒன்றே. பெரும்பாலான நாசினிகளோடும் இலைவழிப் பசளைகளோடும் இணங்கும். அளவுக்குச் சுட்டியைப் பார்க்க. கடைக்காரரின் கைக்கணக்கை நம்பற்க.

உடை கழுவும் தூளை ஒருபோதும் இடவேண்டாம். அதிலுள்ள காரம் இலையை எரிக்கும். சிலவற்றில் வெளிற்றியும் உண்டு. துணியை மென்மையாக்கும் திரவம் போன்ற கற்றயன் வகைகளும் செடிக்கு ஆகா.

நம் முன்னோர் கைக்கொண்ட பூவந்திக்கொட்டையும் இவ்வேலைக்குத் தக்கதே. கொட்டையின் தோலை இரவு முழுவதும் ஊறவைத்துக் கசக்கி வடித்தால் நுரைக்குஞ் சாறு கிடைக்கும். வன்னீரிலும் அது திரையாது. சாற்றின் வலு கொட்டைக்குக் கொட்டை மாறுபடுவதால் இத்தனை கரண்டி என்று வரையறுக்க இயலாது. சிறிது சிறிதாகச் சேர்த்து, கோவாவிலையில் ஒரு துளி விட்டுப் பார்த்து, அது படரும் அளவில் நிறுத்துக. இச்சாறு மீன்களுக்கு நஞ்சு. கருவியைக் குளத்திலோ மீன்தொட்டி அருகிலோ கழுவலாகாது.

சிலிக்கன் சேர்ந்த புதுவகை நனைக்கும் பொருள்களும் உள. அவை நீரின் பரப்பிழுவிசையை 20 முதல் 22 வரை இறக்கி, துளியைக் கண்முன்னே விரித்துவிடும். கரைசலை இலைவாய்களினூடே உள்ளே செலுத்தவும் வல்லவை. வீட்டுத் தோட்டத்துக்கு இவ்வளவு வேகம் வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அளவு சற்றே மிஞ்சினாலும் மருந்து முழுவதும் இலைநுனிக்கு வழிந்து நிலத்திற் சொட்டிவிடும், அல்லது உள்ளே மிகையாய்ப் புகுந்து சுட்டுவிடும். அன்றியும் இவ்வகைப் பொருள்கள் தேனீக்களின் கற்கும் திறனைக் குறைக்கின்றன என்று 2012இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டறிந்து வெளியிட்டுள்ளனர். பூசணியும் பாகலும் காய்க்கத் தேனீ வேண்டும் வீட்டார் இதனை எண்ணிப் பார்க்கக் கடவர்.

எல்லாச் செடிக்கும் நனைக்கும் பொருள் வேண்டுமோவெனின், வேண்டியதில்லை. போஞ்சியிலை தானாகவே நனையும். வெங்காயமும் கோவாவும் அது இன்றி நனையா. பன்னங்கள் சவர்க்காரத்தைத் தாங்கா. சாம்பல் பூத்தாற்போன்ற மெழுகுடைய சதைப்பற்றுச் செடிகளில் சவர்க்காரமும் எண்ணெயும் அம்மெழுகையே கரைத்துவிடும். மேலும், கடையில் வாங்கும் நாசினிகள் பலவற்றில் நனைக்கும் பொருள் ஏற்கெனவே கலந்திருக்கும். அவற்றில் நாமும் சேர்ப்பது உப்பிட்ட கறிக்கு மறுபடி உப்பிடுவது போன்றது. சுண்ணாம்பும் துரிசும் சேர்ந்த போர்டோக் கலவையிற் சவர்க்காரம் இட்டால், கிணற்று நீரில் நிகழ்ந்ததே அங்கும் நிகழும்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை, நாசினி இறக்குமதிகளுக்குத் தடை வந்து, அவ்வாண்டு நவம்பரில் அது நீங்கும்வரை, வேப்பெண்ணெய்ச் செய்முறைகள் வீடு வீடாக வாய்வழியே சென்றன. எண்ணெயின் அளவு சொன்னவர்கள் நீரின் குணத்தைச் சொல்லவில்லை. சகோதரியாரின் அயலாரும் அவ்வழியே கேட்டவராக இருக்கலாம். அவரோடு மனஸ்தாபம் வேண்டாம்.

இனி, மிஞ்சிய 32 செடிகளுக்கு. 8 லீற்றர் கருவிக்கு வேப்பெண்ணெய் 40 மில்லிலீற்றர் எடுத்து, அதனோடு பாத்திரம் கழுவும் திரவம் 10 மில்லிலீற்றர் சேர்த்து, நீர் விடாமல் முதலிற் குழைக்க வேண்டும். பின்னர் இளஞ்சூட்டு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் வெண்பாலாக வரும். அதன் பின்னரே மீதி நீர். முதலில் ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து அரைமணி நேரம் வைத்துப் பார்க்க. மேலே எண்ணெய்ப் படை திரண்டால் அன்று விசிற வேண்டாம். திரளாதாயின், ஒரு செடியின் இரண்டு மூன்று இலைகளுக்கு மட்டும் அடித்து இரண்டு நாட் பொறுக்க. தீங்கில்லையெனக் கண்டபின் புதிதாகக் கலந்து, வெயில் சாய்ந்ததும், கருவியை அடிக்கடி குலுக்கிக்கொண்டு, இலையின் அடிப்புறமும் தளிரும் நனையக் கீழிருந்து மேலாக விசிறுக. துளி சொட்டத் தொடங்கும் முன் கையை எடுத்துவிடல் வேண்டும். மிஞ்சிய கலவையை மறுநாளுக்கு வைக்கலாகாது. ஒரு வாரங் கழித்து மீண்டும் ஒருமுறை தேவைப்படும்.

கருகிய 8 செடிகளையும் பிடுங்கி எறிந்துவிட வேண்டாம். நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் கருகிய நுனிகளை மட்டும் கத்தரித்து, பசளை இடாமல், அளவாக நீர் விட்டு இரண்டு வாரம் பொறுத்திருங்கள். கணுக்களிலிருந்து மிளகாய் மறுபடி துளிர்க்கும் இயல்புடையது. எத்தனை துளிர்த்தன என்பதை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினால் மகிழ்வேன்.

செவ்வரத்தையில் வெண்மூட்டுப் பூச்சி பற்றி வினவிய நேயருக்கு அடுத்த வாரம்.