'1' பளிச்... '8' மங்கல்... ஏன்?

பள்ளி அறிவியல் கண்காட்சி என்றால் டிஜிட்டல் கடிகாரமோ, ஸ்கோர் போர்டோ ஒன்றாவது இருக்கும். அவற்றில் சிலவற்றை உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். '1' பளிச்சென்று எரியும். '8' வந்ததும் வெளிச்சம் மங்கிவிடும். டிஸ்ப்ளே பழுது என்று நினைத்துப் புதிதாக வாங்கி மாட்டுவார்கள். அதுவும் அப்படியேதான் எரியும்!

கோளாறு டிஸ்ப்ளேவில் இல்லை. ரெசிஸ்டர் வைத்த இடத்தில் இருக்கிறது.

ஒவ்வோர் இலக்கமும் ஏழு சின்ன எல்.இ.டி. கோடுகளால் ஆனது. '1' காட்ட இரண்டு கோடுகள் போதும். '8'-க்கு ஏழும் எரிய வேண்டும். சிவப்பு எல்.இ.டி-க்குச் சுமார் 2 வோல்ட் போதும். 5 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் கரன்ட் கட்டுக்கடங்காமல் ஏறிக் கருகிவிடும். மிச்சமுள்ள 3 வோல்ட்டைத் தாங்கிக்கொள்ளத்தான் ரெசிஸ்டர். 330 ஓம் போட்டால் சுமார் 9 மில்லி ஆம்பியர் ஓடும். வீட்டுக் கடிகாரத்துக்கு அது தாராளம்.

பலர் ஏழு கோடுகளுக்கும் பொதுவான காலில் ஒரே ஒரு ரெசிஸ்டரை வைத்துவிடுகிறார்கள். அந்த 9 மில்லி ஆம்பியரை '1' வரும்போது இரண்டு கோடுகள் பங்குபோடுகின்றன, ஆளுக்கு 4.5. '8' வரும்போது பங்காளிகள் ஏழு பேர். ஆளுக்கு சுமார் 1.3தான். கோட்டுக்கு ஒன்றாக ஏழு ரெசிஸ்டர் வைத்தால் பிரச்னை தீர்ந்தது. ஏழுக்கும் சேர்த்து ஒரு டீ காசு ஆனால் அதிகம்.

நான்கு இலக்கம் என்றால் 28 ரெசிஸ்டரா? தேவையில்லை. ஒரு நேரத்தில் ஓர் இலக்கத்தை மட்டும் எரியவிட்டு, நொடிக்குப் பல நூறு முறை அடுத்தடுத்துத் தாவினால், நான்கும் சேர்ந்தே எரிவதாகக் கண் நம்பிவிடும். இதுதான் மல்டிபிளெக்ஸிங். அதே ஏழு ரெசிஸ்டரே நான்குக்கும் போதும். (டோக்கன் போர்டை மொபைலில் வீடியோ எடுத்துப் பாருங்கள். பல போர்டுகளில் எண்கள் விட்டுவிட்டு எரியும் குட்டு வெளிப்படும்.)

ஆனால், ஒவ்வோர் இலக்கமும் கால்வாசி நேரமே எரிவதால் வெளிச்சம் குறையும். அதை ஈடுகட்ட ரெசிஸ்டரைக் குறைப்பார்கள். ஆபத்து இங்கேதான். 150 ஓம் வைத்தால் கோட்டுக்கு 20 மில்லி ஆம்பியர். '8' எரியும்போது பொதுக்காலில் 140. ஆர்டுயினோ ஊனோவின் ஒரு பின்னுக்கு உச்சவரம்பே 40தான்! நடுவில் டிரான்சிஸ்டர் வைக்காமல் நேரடியாகச் செருகினால் சிப் போய்விடும்.

சிலர் தனி டிரைவர் வைத்து, கோட்டுக்கு 60 வரை கொண்டுபோவார்கள். தாவிக்கொண்டே இருக்கும்வரை தாங்கும். புரோகிராம் நடுவில் உறைந்துவிட்டால், ஏதோ ஓர் இலக்கம் அந்த 60-ஐயும் இடைவிடாமல் வாங்கிக் கருகும். எழுதிப் பழகும் நாள்களில் புரோகிராம் உறையாவிட்டால்தான் அதிசயம். எனவே, சோதனை முடியும்வரை 330 ஓமே இருக்கட்டும். வெளிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு மேக்ஸ்7219 சிப் இருக்கிறது. 8 இலக்கம் வரை தாவும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். மொத்தத்துக்கும் ஒரே ரெசிஸ்டர் போதும். அது 10 கிலோ ஓமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 'காமன் கேத்தோடு' டிஸ்ப்ளேதான் இதற்குப் பொருந்தும். கடையில் கேட்டு வாங்குங்கள்.