கப்பல் நம் துறைமுகத்தில்; பணம் எங்கே இறங்குகிறது?

பெரம்பலூரில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, ஒரு பயண முகவரின் கடை வாசலில் புதிதாக ஒட்டப்பட்டிருந்த படமொன்றைக் கண்டேன். அடுக்குமாடிக் குடியிருப்பைக் கடலில் மிதக்கவிட்டதுபோல ஒரு வெள்ளைக் கப்பல். அதன் கீழே, குடும்பத்துடன் கப்பல் சுற்றுலா, மாதத் தவணை வசதி உண்டு என்ற அறிவிப்பு. சபரிமலைக்கும் காசிக்கும் ஆள் சேர்க்கிற கடை அது. எங்கள் வாலிகண்டபுரத்திலிருந்து கடலைப் பார்க்கச் சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் மாவட்டத்தின் காரைப் பகுதி கடலடியில் கிடந்தது என்பதற்கான தொல்லெச்சங்கள் இன்றும் அங்கே கிடைக்கின்றன என்பது வேறு கதை. சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் இந்த மானாவாரிப் பூமிக்கே கப்பல் சுற்றுலா விற்பனைக்கு வந்துவிட்டது என்றால், அது இனிப் பெருநகரத்துச் செல்வந்தர்களின் பொழுதுபோக்கு மட்டும் அல்ல என்று பொருள்.

அரசின் கணக்கும் அதையே சொல்கிறது. 2024 செப்டம்பர் 30 அன்று மும்பையில் மத்தியக் கப்பல் துறை அமைச்சர் சர்பானந்த சோனோவால் 'குரூஸ் பாரத்' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 2029க்குள் சுற்றுலாக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது அதன் இலக்கு. விசாகப்பட்டினத்தில் சுமார் 96 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்ட பயணிகள் முனையம் 2023இல் திறக்கப்பட்டது. மும்பையில் அதைவிடப் பன்மடங்கு பெரிய முனையம் எழுந்திருக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட முதல் கார்டிலியா சுற்றுலாக் கப்பலை 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களைச் சுற்றிவந்தது.

இத்தனை பொதுப் பணமும் அரசின் அக்கறையும் ஒரு துறைக்குள் செல்லும்போது, அதனால் கரையில் இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பது நியாயம். இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் பேரனின் நாட்குறிப்பிலிருந்து வந்தது.

சென்ற ஆண்டு, சிங்கப்பூரில் பணியாற்றும் என் மகன் குடும்பத்துடன் ஒரு பெரிய கப்பலில் பினாங்கு வரை சென்று திரும்பினோம். நாங்கள் ஆறு பேர். கப்பல் பயணத்தை இகழ்ந்து எழுத எனக்கு மனமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலியுள்ள முதியவரும் ஓரிடத்தில் நிற்காத குழந்தைகளும் ஒன்றாகச் செல்லும் குடும்பத்துக்கு இதைவிட வசதியான சுற்றுலா இல்லை. பெட்டியை ஒருமுறை திறந்தால் போதும். ஊர்தான் நம்மைத் தேடி வருகிறது. சைவ உணவுக்கு அலைய வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுத் திருமண வாழ்வில் மூன்று நாள் தொடர்ந்து அடுப்பைப் பற்றவைக்காமல் இருந்தது இதுவே முதல் முறை என்று என் மனைவி சொன்னபோது, நான் பேச்சை மாற்றினேன். திருமண வீட்டைத் தவிர வேறெங்கும் மூன்று தலைமுறை சேர்ந்து உண்ணாத காலத்தில், அந்த உணவு மேசைக்கு ஒரு மதிப்பு உண்டு.

பேரனுக்கு, செலவை எழுதும் பழக்கத்தை நான்தான் ஏற்படுத்தினேன். பினாங்கில் கப்பல் நின்றது ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இறங்கி, லிட்டில் இந்தியா வீதியில் நடந்து, ஆளுக்கொரு தேநீர் குடித்து, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தப் பொம்மைகள் இரண்டு வாங்கினோம். மதிய உணவுக்குக் கப்பலுக்கே திரும்பிவிட்டோம். அங்கே ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டதே! பேரனின் ஏட்டில் பினாங்குச் செலவு நூறு ரிங்கிட்டுக்கும் குறைவு. கப்பலுக்குள் இணைய இணைப்பு, நிழற்படம், குழந்தைகளின் விளையாட்டுகள் என்று பயணச்சீட்டுக்கு மேல் நாங்கள் கொடுத்தது அதைப்போலப் பல மடங்கு.

இது எங்கள் குடும்பத்தின் சிக்கனம் அன்று; கப்பல் தொழிலின் வடிவமைப்பே அதுதான். உலகின் பெரிய கப்பல் சுற்றுலா நிறுவனங்களுக்கு மொத்த வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பயணச்சீட்டுக்கு வெளியே கப்பலுக்குள் நடக்கும் விற்பனையிலிருந்து வருகிறது. பயணி எவ்வளவு நேரம் கப்பலுக்குள் இருக்கிறாரோ அவ்வளவுக்கு நிறுவனத்துக்கு நல்லது. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 365 மீட்டர் நீளமும் 20 தளங்களும் கொண்டது; அதிகபட்சமாக 7,600 பயணிகளை ஏற்றும். சென்னையிலிருந்து சென்ற கார்டிலியா 'எம்ப்ரஸ்' கப்பல் 1990இல் பிரான்சில் கட்டப்பட்டது. கொள்ளளவில் ஐகான் அதைப்போல ஐந்து மடங்கு. கப்பல் பெரிதாகப் பெரிதாக, அதுவே சென்றடையும் ஊராகிவிடுகிறது. துறைமுகம் சன்னலுக்கு வெளியே தெரியும் ஒரு காட்சி, அவ்வளவே.

பொருளியலில் இதைக் கசிவு என்போம். ஒரு சுற்றுலாப் பயணி செலவிடும் நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் அந்த ஊரில் தங்குகிறது, எத்தனை ரூபாய் வெளியே வடிகிறது என்பது கணக்கு. மாமல்லபுரத்துக்குப் பேருந்தில் வந்து விடுதியில் தங்கும் பயணியின் செலவில் விடுதிப் பணியாளர், ஆட்டோ ஓட்டுநர், காய்கறிக் கடைக்காரர் என்று பலருக்கும் பங்கு உண்டு. கப்பலில் வரும் பயணியோ படுக்கையையும் சமையலறையையும் கடைவீதியையும் தன்னோடு கொண்டுவந்து, தன்னோடே எடுத்துச் சென்றுவிடுகிறார்.

வரியும் அப்படித்தான். உலகின் மிகப் பெரிய கப்பல் சுற்றுலா நிறுவனங்களில் கார்னிவல் 2025இல் பனாமாவில் பதிவாகியிருந்தது, ராயல் கரீபியன் லைபீரியாவில், நார்வேஜியன் பெர்முடாவில். மூன்றின் தலைமையகங்களும் இருப்பது மயாமியில். கப்பல்கள் பறக்கவிடுவது பெரும்பாலும் பகாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடிகளை. இந்தியா இந்தப் போட்டியில் கப்பல்களை ஈர்க்க 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் ஒரு சலுகை அளித்தது. வெளிநாட்டுச் சுற்றுலாக் கப்பல் நிறுவனம் இங்கு பயணிகளிடம் பெறும் தொகையில் 20 சதவீதம் லாபமாகக் கருதப்படும். அதே அறிக்கை வெளிநாட்டு நிறுவன வரியை 40 சதவீதத்திலிருந்து 35ஆகக் குறைத்தது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், நூறு ரூபாய்க்கு மேல்வரி நீங்கலாக ஏழு ரூபாய். இந்தச் சலுகை தவறு என்று நான் வாதிடவில்லை. எளிய வரிவிதி வழக்குகளைக் குறைக்கும். ஆனால், அந்த ஏழு ரூபாய் செல்வது தில்லிக்கு. குப்பையும் நெரிசலும் பாதுகாப்புப் பணியும் துறைமுக நகரத்துக்கு.

இந்தப் பின்னணியில்தான் புதுச்சேரியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2022இல் கப்பலுக்கு அங்கே அனுமதி மறுக்கப்பட்டது. 2025 ஜூலையில் அனுமதி கிடைத்துக் கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட, பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வந்தார்கள். இரண்டு முறையும் விவாதம் முழுக்கச் சூதாட்டத்தைப் பற்றியே நடந்தது. கப்பலில் சூதாட்ட மேசை இருக்கிறதா, அது பண்பாட்டைக் கெடுக்குமா என்று எதிர்ப்பவர்கள் கேட்டார்கள். சுற்றுலா வளரும் என்று ஆதரிப்பவர்கள் பதில் சொன்னார்கள். சூதாட்டக் கவலை பொருளற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால், கப்பலில் வந்தவர்கள் நகரத்தில் எத்தனை மணி நேரம் இருந்தார்கள், எவ்வளவு செலவிட்டார்கள், நகராட்சிக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியை இரு தரப்பிலும் யாரும் அழுத்திக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

உலகின் வேறு கரைகள் கேட்கத் தொடங்கிவிட்டன. 2021 ஆகஸ்டில் வெனிஸ் நகரின் மையக் கால்வாயில் பெருங்கப்பல்கள் நுழைய இத்தாலி தடைவிதித்தது. மெக்சிகோ 2025 ஜூலை முதல் கப்பல் பயணி ஒருவருக்கு 5 டாலர் வசூலிக்க முடிவெடுத்தது. அது படிப்படியாக உயர்ந்து 2028இல் 21 டாலராகும். கிரீஸ் அதே மாதம் முதல் சாண்டோரினி, மைக்கோனோஸ் தீவுகளில் கோடைப் பருவத்தில் இறங்குபவருக்கு 20 யூரோ விதித்தது. கப்பல்கள் வந்து குவிந்த பிறகு விழித்துக்கொண்ட ஊர்கள் இவை. நமக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

பயணத்தின் இரண்டாம் நாள் எங்கள் அறையைச் சுத்தம் செய்யவந்த இளைஞர், என் மனைவியின் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க பெரம்பலூர் பக்கமா சார்?" என்றார். அவருக்கு வேப்பந்தட்டைக்கு அருகில் ஒரு கிராமம். உணவக மேலாண்மையில் பட்டயம் படித்தவர். ஒன்பது மாத ஒப்பந்தத்தில் ஐந்தாவது மாதம். வேலை கிடைக்க ஒரு முகவருக்குப் பெருந்தொகை கொடுத்ததாகவும், அதற்காக அப்பா நிலத்தை ஒத்தி வைத்ததாகவும் சொன்னார். "ஒத்தியைத் திருப்பிட்டா அப்புறம் நிக்கிறது லாபம்தான் சார்" என்று சிரித்தார். வேலையைப் பற்றி அவருக்குக் குறை இல்லை, தூக்கம்தான் போதவில்லை.

2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் அறையைத் துடைப்பவரையும் மாலுமியாகவே கருதுகிறது. அதன்படி, வேலை தேடித் தர அவரிடம் கட்டணம் பெறக் கூடாது. நாளொன்றுக்கு 10 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். இந்தியா 2015இல் அதை ஏற்றுக்கொண்டது. உரிமம் பெற்ற முகவர்கள் மட்டுமே ஆள் எடுக்கலாம் என்ற விதியும் இங்கு உண்டு. ஆனாலும் எங்கள் ஊர்ப் பக்கத்து நிலம் ஒத்திக்குப் போகிறது. 2020 பிப்ரவரியில் யோகோகாமாவில் கரோனா தொற்றுடன் நிறுத்திவைக்கப்பட்ட 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலில் இருந்த இந்தியர்கள் 138 பேர். அவர்களில் பயணிகள் ஆறு பேர் மட்டுமே. மற்ற 132 பேரும் ஊழியர்கள். சுற்றுலாக் கப்பல்களில் நாம் பயணிகளாக ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே ஊழியர்களாக ஏறிவிட்டோம்.

ஆகவே, கப்பல் வேண்டுமா வேண்டாமா என்பதன்று என் கேள்வி. எந்த நிபந்தனையில் என்பதே. பயணி ஒருவருக்கு ஒரு சிறு தொகை துறைமுக நகரத்தின் உள்ளாட்சி அமைப்புக்கு நேரடியாகச் செல்லும்படி தமிழக அரசு கேட்கலாம்; மொத்தப் பயணச் செலவில் அது பயணிக்குச் சுமையாகவே தெரியாது. இதைவிட முக்கியமானது கொள்முதல். சென்னையில் நிரந்தரமாகத் தங்கிப் புறப்படும் கப்பல், ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மூன்று வேளை உணவுக்கான பொருள்களைச் சென்னையிலேதான் ஏற்றியாக வேண்டும். கசிவை அடைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. நாமக்கல் முட்டையும் நீலகிரிக் காய்கறியும் எங்கள் வெங்காயமும் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வழியாக அந்தச் சரக்கறைக்குச் செல்ல ஒப்பந்தத்தில் ஒரு விழுக்காடு குறிக்கலாம். ஒரு கப்பலின் வெங்காயத் தேவை சந்தை விலையை உயர்த்திவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால், தரம் பிரித்து, நாள் தவறாமல் அனுப்பும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் அது வேறு சந்தைகளுக்கும் உதவும். பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களின் உணவகப் பட்டயக் கல்லூரிகளிலேயே நிறுவனங்கள் நேரடியாக ஆள் எடுத்தால், இடையில் முகவருக்கு வேலை இல்லை.

என் தாய்மாமன் இளவயதில் நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பலில் பினாங்குக்குச் சென்றவர். மேல்தளத்துப் பயணி, பாயும் தகரப் பெட்டியும்தான் அவருடைய அறை. 1926இல் கட்டப்பட்ட ரஜூலாவுக்குப் பின் 'எம்.வி.சிதம்பரம்' ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பற்றிப் பலர் மாண்டனர்; அத்தோடு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான முறையான பயணிகள் கப்பல் சேவை முடிந்துபோனது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய சிறு கப்பல் சேவை சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில்தான் மீண்டது. கேளிக்கைப் பயணிக்கு முனையம் கட்ட முனைகிற அரசுகள், உறவினரைப் பார்க்கவும் சரக்கு வாங்கவும் கடல் கடப்பவரை மறந்துவிடாமல் இருந்தால், அதே முனையங்கள் இருவருக்கும் பயன்படும்.

நாங்கள் பினாங்கில் இறங்கியபோது, ரஜூலா நின்றது இந்தத் துறையாக இருக்குமோ என்று என் மனைவி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வேப்பந்தட்டை இளைஞர் கடைசி நாள் விடைபெற வந்தபோது, ஊருக்குப் போனதும் அவருடைய அப்பாவைப் பார்க்கச் சொன்னார். போன மாதம் சென்று பார்த்தேன். வெங்காயப் பட்டறைக்குப் புதிதாகக் கூரை வேய்ந்துகொண்டிருந்தார். விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார். நிலத்தை மீட்க இன்னும் ஓர் ஒப்பந்தம் ஆகுமாம்.