தோற்பதற்கு முன்பே ஓர் அழைப்பு
பருவத்தேர்வு முடிவு வந்த பிறகு மாணவரைக் கூப்பிட்டு எச்சரிக்கும் பல்கலைக்கழகம் காலம் கடந்தே விழித்துக்கொள்கிறது. அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2012 முதல் வேறு வழியில் போகிறது. அடிப்படைப் பாடத்தில் குறைந்த மதிப்பெண், பட்டத்துக்குப் பயன்படாத பாடத்தைத் தேர்ந்தெடுத்தல் என ஏறக்குறைய 800 அறிகுறிகளைக் கணினி நாள்தோறும் பார்க்கிறது. ஏதேனும் ஒன்று தென்பட்டால் ஆலோசகர் அந்த மாணவரை அழைத்துப் பேசுகிறார். 2003-இல் 32 சதவீதமாக இருந்த பட்டம் முடிப்போர் விகிதம் 2014-இல் 50-ஐத் தாண்டியிருந்தது. இந்தப் பெருமையைக் கணினிக்கு மட்டும் கொடுப்பது தவறு. அங்கே நாற்பதுக்கும் மேற்பட்ட ஆலோசகர்களைக் கூடுதலாக நியமித்தார்கள். சிறிய கட்டணப் பாக்கியால் படிப்பை இழக்க இருந்தவர்களுக்கு, அவர்கள் விண்ணப்பிக்காமலேயே உதவித்தொகை தந்தார்கள்.

மாணவரை இப்படி நாள்தோறும் கவனிப்பது வேவு பார்ப்பதல்லவா என்று கேட்பவர்களின் அச்சம் நியாயமானது. இத்தகைய மென்பொருளை வாங்கிய வேறு சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவரின் இனமும் கணக்கில் சேர்க்கப்பட்டதை 2021-இல் ‘தி மார்க்கப்’ இதழ் வெளிக்கொணர்ந்தது. பிறப்பைப் பார்த்து ஒருவரை எளிய பாடத்துக்குத் திருப்பிவிடுவது உதவியே அல்ல. ஆனால் பாராமுகமும் நடுநிலை ஆகாது; வீட்டில் வழிகாட்ட ஆளில்லாத முதல் தலைமுறை மாணவரைத்தான் அது முதலில் வெளியே தள்ளுகிறது. எதைத் திரட்டுகிறோம் என்பதை மாணவரிடம் சொல்லாத, ஆலோசகர்களுக்குப் பணம் ஒதுக்காத நிர்வாகம் அந்த மென்பொருளை வாங்கவே கூடாது.