ரோபோ படத்துக்கு எதுக்கு வயலின்?

பொங்கலுக்கு ஊருக்கு, அதாவது ஜெயங்கொண்டத்துக்குப் போயிருந்தேன். டிவியில வழக்கம்போல 'எந்திரன்' (2010). சிட்டி தன்னைத்தானே கழற்றிப் போடுற இடத்துல, கூட உட்கார்ந்திருந்த நண்பன் ஆரம்பிச்சான்: "மாப்ள, ரோபோ, ராக்கெட் படத்துக்கெல்லாம் எதுக்குடா நாற்பது அம்பது பேரை வெச்சு வயலின் வாசிக்கணும்? மெஷின் கதைக்கு மெஷின்லயே மியூசிக் போட்டா செலவாவது மிச்சமாகும்ல?"

இவன் ஒருத்தன் சொன்னா விட்டுடலாம். ஆபீஸ்லயும் இதையேதான் சொல்றாங்க. சுத்தப் பேத்தல்.

மெஷின் சத்தத்தை மட்டும் வெச்சு இசை பண்ண முடியாதான்னா, தாராளமா முடியும். 1956-லயே 'ஃபார்பிடன் பிளானட்' படத்துக்கு லூயி பேரன், பீபி பேரன் தம்பதி முழுக்க மின்னணு ஒலிகளிலேயே இசை அமைச்சிட்டாங்க. ஆனா 1977-ல 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் கூப்பிட்டது லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை. திரையில பார்க்கிறது எல்லாமே புதுசா இருக்கும்போது, காதுக்காவது பழகின உணர்ச்சி வேணும் இல்லையா? 'இன்டர்ஸ்டெல்லார்' (2014) படத்துக்கு ஹான்ஸ் ஜிம்மர் லண்டன் டெம்பிள் சர்ச்ல இருக்கிற பைப் ஆர்கனைப் பயன்படுத்தினார். காத்தே இல்லாத விண்வெளிக்கு, காத்தால ஒலிக்கிற கருவி!

நம்ம ஊருக்கே வருவோம். 1986-ல 'புன்னகை மன்னன்' படத்தோட தீம் இசைக்கு ராஜா கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார். அது காதல் படம். 'எந்திரன்'ல ரஹ்மான் 'சிட்டி டான்ஸ் ஷோகேஸ்'ல மெஷின் தாளத்தைப் போட்டுத் தள்ளிட்டு, 'அரிமா அரிமா'வுல கோரஸும் வயலினுமா பிரம்மாண்டமா நிமிர்ந்து நின்னார். ஆக, கதையில மெஷின் இருந்தா இசையும் மெஷின்தான்னு எந்தச் சட்டமும் கிடையாது. அந்த இடத்துல நமக்கு என்ன தோணணும்ங்கிறதுதான் கணக்கு. சிட்டி கழன்று விழும்போது மோட்டார் சத்தத்தைப் போட்டா எவன் அழுவான்?

"இப்பதான் சாம்பிள் இருக்கே, வித்தியாசமே தெரியாது"ன்னான் நண்பன். நானும் பொட்டி தட்டுறவன்தான். சாம்பிள்னா, யாரோ ஒருத்தர் எப்பவோ வாசிச்ச ஒவ்வொரு சுரத்தையும் பதிவு பண்ணி வெச்சிருக்கிறது. கீயை அழுத்தினா சரியான நேரத்துல வந்து நிக்கும். ஆனா நாற்பது பேர் வாசிக்கும்போது, நாற்பது பேரும் ஒரே மில்லி செகண்டுல வில்லை இழுக்கிறதில்ல. அந்தச் சின்னப் பிசகுலதான் இசைக்கு ஒரு அகலம் வருது. ஒருத்தர் வாசிக்கிறதைக் கேட்டு இன்னொருத்தர் அடங்கி வாசிக்கிறார். சாம்பிள் யாரையும் கேட்கிறதில்ல.

அவனுக்குப் புரியலை. தெருமுனைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க தவில்காரர் வந்து பல வருஷம் ஆச்சு. தீபாராதனைக்கு சுவிட்சைப் போட்டா மோட்டார் மேளம் அடிக்கும், மணியும் தானா ஆடும். முன்னாடியெல்லாம் தவில்காரர் தட்டையே பார்த்துக்கிட்டிருப்பார். கற்பூரம் மேல எழும்ப எழும்ப அடி வேகமாகும், உடம்பு சிலிர்க்கும். இப்ப கற்பூரம் எரிஞ்சாலும் அணைஞ்சாலும் ஒரே டமடம. "இதுல என்னடா குறை?"ன்னு கேட்டேன். "சாமியைப் பார்த்து அடிக்கலை மாப்ள"ன்னான். அவ்ளோதான் விஷயம்!

இதுல ஒரு கூத்து என்னன்னா, மெஷின் மனுஷன் இடத்தைப் பிடிச்சுக்கும்னு பயமுறுத்துறதே இந்தப் படங்கள்தான். அதுக்கு இசை போட மட்டும் மனுஷனை வெளியே அனுப்பச் சொல்றோம். 2024-ல 'லால் சலாம்' படத்துக்காக பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேரோட குரலையும் ஏஐ மூலமா மறுபடி பாட வெச்சாங்க. குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கி, பணமும் கொடுத்துதான் செஞ்சதா ரஹ்மான் சொன்னார். அந்த மரியாதையை எல்லாரும் காட்டுவாங்களா?

கிராஃபிக்ஸுக்குக் கோடிக்கணக்குல கொட்டுற தயாரிப்பாளர்களே, அதுல ஒரு துளியை வயலின்காரங்களுக்கும் ஒதுக்குங்க. அவங்க பேரை டைட்டில்ல படிக்கிற வேகத்துல ஓட விடுங்க. இல்லேன்னா உங்க விண்வெளிப் படத்துக்கும் எங்க தெரு மோட்டார் மேளமே போதும். கரண்ட் செலவு மட்டும்தான் :-)