காஞ்சனபுரியில் சைக்கிள் மிதிப்போம், வாருங்கள்!



வெளியூர்ப் பயணம் என்றால் பஸ்ஸில் கும்பலாகப் போய் இறங்கி, நாலு படம் பிடித்துக்கொண்டு, மறுபடியும் பஸ்ஸில் ஏறுவது என்றே நம்மில் பலர் பழகிவிட்டோம். சைக்கிளில் போனால் அதே ஊர் வேறு மாதிரி தெரியும். வேண்டிய இடத்தில் நிற்கலாம். எதிரே வருகிறவரைப் பார்த்துச் சிரிக்கலாம். சைக்கிள் நமக்கென்ன புதிதா? பால்வாளியைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே காட்டுக்கு மிதித்துப் போனவர்களின் பிள்ளைகள்தானே நாம்!

இம்மாதம் உங்களைத் தாய்லாந்துக்கு அழைக்கிறேன். நம் பெரியவர்கள் வாயில் அது இன்னமும் சயாம்தான். ஊரின் பெயர் காஞ்சனபுரி. காஞ்சனம் என்றால் பொன். புரி என்றால் ஊர். தாய்க்காரர்கள் ‘கான்சனாபுரி’ என்று சொன்னாலும், பெயரில் நம் பக்கத்து வாசனை இருக்கிறது அல்லவா?

பேங்காக்கிற்கு மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் இருக்கிறது இந்த ஊர். பாடாங் பெசாரில் தாய்லாந்து ரயில் ஏறுகிறவர்கள் பேங்காக் வரை போக வேண்டியதில்லை. நக்கோன் பாத்தோமில் இறங்கி, காஞ்சனபுரி வழியாக நாம் தோக் வரை செல்லும் சாதாரண ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். ஊரில் தங்கும் விடுதிகளிலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். எடுக்குமுன் பிரேக்கையும் டயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் நம் ஊரைப் போலச் சாலையில் இடப்பக்கம்தான் போகவேண்டும். ஆகையால் தடுமாற்றம் இராது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழை இல்லை, காலையில் குளிர்காற்றும் வீசும். ஆனால் டிசம்பரிலிருந்து கரும்பு வெட்டு நடக்கும். மலைபோல் கரும்பு ஏற்றிய லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு வரும், ஒதுங்கி வழிவிடுங்கள். விடிந்ததும் புறப்பட்டுப் பத்து மணிக்குள் பாதி வழியை முடித்துவிடுவது உத்தமம். தலைக்குத் தொப்பி, கையில் தண்ணீர். கிராமத்து நாய்கள் குரைத்தால் வேகமாக மிதிக்காமல், இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெல்ல நடந்து போங்கள்.

<b>முதல் நாள்: ஊருக்குள்ளே</b>

ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நடந்து போங்கள். வெட்டி ஒழுங்கு செய்த புல்தரை. வரிசை வரிசையாகக் கற்கள். ஒவ்வொரு கல்லின் அருகிலும் பூச்செடி. பெரும்பாலான கற்களில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள் ஏறத்தாழ 7,000 பேர் இங்கே இருக்கிறார்கள்.

ஏன் இறந்தார்கள் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். 1942இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில்பாதை போடத் தொடங்கினார்கள். காடும் மலையுமான அந்த வழியில் 1943 அக்டோபரில் தண்டவாளம் முழுவதும் இணைந்தது. போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். 1957இல் வந்த குவாய் நதிப் பாலத்துப் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அது சொன்னது இவர்கள் கதையைத்தான். அந்தப் படத்தைச் சயாமில் எடுக்கவில்லை, இலங்கையில் எடுத்தார்கள் என்பது வேறு சங்கதி.

படம் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. அந்தப் பாதையில் கைதிகளைவிட அதிகமாக உழைத்தவர்கள் கூலித் தொழிலாளர்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரோடு நம் தோட்டத்துத் தமிழர்களும் இருந்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டு போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டத்தில் வேலையும் அரிசியும் இல்லாத நேரம் அது. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிப் போனவர்கள் முதலில். பிறகு லாரியில் பிடித்துப் போட்டுக்கொண்டு போனார்கள். கைதிகளோடு படை மருத்துவர்களாவது இருந்தார்கள். நம்மவர்களுக்கு மருத்துவரும் இல்லை, மருந்தும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். இறந்த கூலிகள் எல்லா இனத்தாரையும் சேர்த்து 90,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பெயர்ப் பட்டியல் எடுத்து வைத்தவர் எவருமில்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வாட் தாவோன் வராராம் என்ற கோயில் இருக்கிறது. வியட்நாம் வழிப் பௌத்தக் கோயில் அது. ‘தாவோன்’ என்றால் நிலையானது என்று பொருள். பெயரற்ற அந்தத் தொழிலாளர்களின் எலும்புகள் அங்கேதான் அடங்கியிருக்கின்றன. 2023இல் மலேசியத் தமிழர்கள் முயன்று அங்கே ஒரு நடுகல்லும் நாட்டினார்கள். போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது நம் பழந்தமிழ் வழக்கம். இங்கே விழுந்தவர்கள் ஆயுதம் எடுக்காதவர்கள். ஆனாலும் போர் தின்ற உயிர்கள் அல்லவா?

பஸ்ஸில் வரும் பயணிகளில் பலர் பாலத்துக்கு நேரே போய்விடுகிறார்கள். நீங்கள் சைக்கிளைத் திருப்பி ஐந்து நிமிடம் இங்கே நில்லுங்கள்.

அதன்பிறகு பாலத்துக்குப் போங்கள். வளைந்த இரும்பு வளைவுகள் பழையவை. நடுவே கோணமாய் நிற்கும் இரண்டும், 1945இல் குண்டு விழுந்து உடைந்ததற்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. இன்னமும் ரயில் ஓடுகிற பாலம் இது. சைக்கிளைக் கரையில் பூட்டிவிட்டு நடந்து போங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

<b>இரண்டாம் நாள்: வயல் வழியே</b>

மறுநாள் ஆற்றைக் கடந்து, சின்ன குவாய் நதிக்கரையில் இருக்கும் சுங்காய் பக்கம் மிதியுங்கள். ஊரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான், சிறுவர்களும் மிதிப்பார்கள். இரண்டு பக்கமும் கரும்பு, சோளம், மரவள்ளி. அந்த மரவள்ளியைப் பார்த்ததும், ஜப்பான்காரன் காலத்தில் அதைத் தின்றே உயிர் பிடித்ததாகப் பாட்டி சொன்ன கதை ஞாபகம் வரும். சுங்காயில் ஆற்றோரம் அமைதியான இன்னொரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1,700க்கு மேற்பட்ட கைதிகள் அங்கே. சற்றுத் தள்ளிக் காவ் பூன் குகைக்கோயில். அதன் பக்கத்தில் பாறையைப் பிளந்து ரயில்பாதை போட்டிருப்பதைக் காணலாம். உளியும் சுத்தியலும் வெடிமருந்தும் கொண்டு பிளந்த பாறை. கையால் தொட்டுப் பாருங்கள்.

1990இல் காஞ்சனபுரிக் கரும்புக் கொல்லை ஒன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. அன்றைய தொழிலாளர்களுடையவை அவை. பச்சைப் பசேலென்ற இந்த வயல்களின் நடுவே போகும்போது அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் பசித்தால் பயப்பட வேண்டாம். சாலையோரக் கடைகளில் சோறும் முட்டையும் சூடாகக் கிடைக்கும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ‘மை கின் நுஆ’ என்று சொன்னால் போதும். ஆண்கள் ‘ஸவாதி க்ராப்’ என்றும், பெண்கள் ‘ஸவாதி கா’ என்றும் கைகூப்பினால், அங்குள்ளவர்களும் கைகூப்பிச் சிரிப்பார்கள். கோயிலுக்குள் செருப்பைக் கழற்றுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அணியுங்கள்.

<b>புறப்படுமுன் ஒரு வேலை</b>

வாசகர்களே, பெட்டி கட்டுமுன் வீட்டில் மூத்தவரிடம் போய் உட்காருங்கள். ‘சயாமுக்குப் போனவர்’ என்று உங்கள் குடும்பத்தில் யாரேனும் உண்டா என்று கேளுங்கள். அப்படிப் போனவர்களின் பிள்ளைகளே இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். தோட்டங்கள் கைமாறிவிட்டன, லயங்கள் இடிந்துவிட்டன, அங்கிருந்த குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளில் சிதறிக் கிடக்கின்றன. இன்று கேட்காவிட்டால் நாளை கேட்க ஆளிருக்காது.

போனவர் பெயர், அவருடைய தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த ஆண்டு, யாரோடு போனார், திரும்பினாரா என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தெரிந்தவரை போதும். வெள்ளைக்காரச் சிப்பாயின் பெயர் கல்லில் இருப்பதற்குக் காரணம், யாரோ ஒருவர் அதை எழுதி வைத்ததுதான். நம்மவர் பெயரை எழுத நம்மைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காஞ்சனபுரிக்குப் போங்கள். நடுகல்லின் முன்னே நின்று, உங்கள் பிள்ளையை விட்டே அந்தப் பெயரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு சைக்கிளில் ஏறி மிதியுங்கள். வயல்காற்று முகத்தில் படட்டும்.

அடுத்த மாதம் வேறோர் ஊரில் சந்திப்போம். வணக்கம்.