பொம்மசந்திரா சாக்கடையும் கடலூர் மீனும்

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்குக் கடல் எங்கோ தொலைவில் இருக்கிறது. ஆனால் அந்த வட்டாரத்துத் தண்ணீர் சந்தாபுரா ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூரில் கடலில் விழுகிறது. கழிவுநீரால் கெட்டுப்போன அந்த ஏரிக்காக, கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இந்தச் சேதக் கணக்கில் கடல்மீனையும் சேர்த்தாக வேண்டும்.

சாக்கடையில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உரம். பாசி பெருகிச் செத்து அழுகும்போது, நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைக் காலி செய்துவிடுகின்றன. அது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களால் தாக்குப்பிடிக்க முடியாது. வலுவுள்ள மீன் நீந்தித் தப்பும்; முட்டையும் குஞ்சும் எங்கே போகும்? 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் பூங்கோரை எனப்படும் பாசி படர்ந்து கடல் பச்சையானது. மண்டபம் பக்கம் மீன்கள் செத்து ஒதுங்கின. ஆக்சிஜன் குறைந்து பவளப்பாறைகளும் மடிந்ததைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்கும் பெங்களூருக்கும் தொடர்பில்லை. ஆனால் ஆக்சிஜன் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. தப்பிய மீன்கள் மேல்தண்ணீரில் நெருக்கியடித்து நிற்பதால் சில நாள் வலை நிறையவும் கூடும். அந்த மீன்பாட்டை நம்பிக் கடல் நலமாக இருக்கிறதென்று நினைப்பது ஆபத்து. இறாலும் மடவையும் கொடுவாவும் குஞ்சாக வளரும் கழிமுகம் கெட்டால், பின்னால் வரும் ஆண்டுகளின் மீன்பாடே கெடும்.

ஆக்சிஜன் குறைவது கடலின் இயல்பு என்பார்கள். உண்மைதான், தென்மேற்குப் பருவக்காற்றின்போது அடிநீர் மேலேறுவதால் மேற்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் அது நடக்கிறது. ஆனால் நிலத்திலிருந்து போகும் நைட்ரஜன் அதைத் தீவிரப்படுத்தக்கூடும் என்று கோவா தேசியக் கடலாய்வு நிறுவன அறிஞர்கள் 2000-லேயே எச்சரித்தார்கள். இயல்பாகவே மூச்சுத் திணறும் கடலில் நாமும் சுமை ஏற்றலாமா? அணைகள் கழிவைத் தடுத்துவிடும் என்ற வாதமும் முழுமையானதல்ல. வண்டல் படியும், கரைந்த நைட்ரேட் அவ்வளவு எளிதாகப் படியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில், சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் ஆறு சுமப்பதெல்லாம் கடலுக்கே போகும். கடலூரில் உள்ளூர்க் கழிவும் இருக்கிறது என்பது சரி, ஆனால் அது ஆற்றின் மேற்பகுதியில் இருப்பவர்களின் பொறுப்பைக் குறைத்துவிடாது.

கழிவுநீரால் ஆற்றில் பொங்கும் நுரை அடங்கினால் போதும் என்று கர்நாடகம் நிறுத்திக்கொள்ளக் கூடாது. நைட்ரஜனையும் பாஸ்பரசையும் நீக்கிய பிறகே கழிவுநீரை ஆற்றில் விட வேண்டும். கடலூர் முகத்துவாரத்தில் ஆண்டு முழுவதும் ஆக்சிஜனை அளந்து, அந்த அளவை இரு மாநில அரசுகளும் மீனவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.