கிழட்டுச் சிங்கத்துக்குப் புதுக் கால் தேவையா?



பிராஜெக்ட் தலைப்பு கொடுக்கிற மாதம் பிறந்தால் போதும், நம்ம ஒர்க்‌ஷாப் வராந்தாவில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். "மக்கா, ஒரு பழைய அம்பாசிடரைப் பிடிப்போம். பின்னால உள்ள ஹவுசிங்கையும் பிளேட்டையும் கழற்றி எறிஞ்சிட்டு, புது வண்டிக்க இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனை மாட்டுவோம். கப்பல் மாதிரிப் போகும், பாத்துக்கோ!"

ஆசை நல்ல ஆசைதான். ஆனாலும் ரோட்டில் ஆளை ஏற்றி ஓடுகிற வண்டியில் அதைச் செய்யக்கூடாது என்பதே என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

முதலில் நம் தமிழ்நாட்டுக் கதை ஒன்று. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைக் கொண்டுவந்தது. பின்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன்! குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங், இரண்டு பக்கமும் ஊஞ்சல் போல ஆடுகிற ஸ்விங் ஆக்சில். அம்பாசிடருக்கு அந்த வசதி கிடையாது. அப்படியானால் அடுத்த மாடலில் இன்னும் முன்னேறியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது தலைகீழ். அதே ஹெரால்டிலிருந்து 1972-இல் பிறந்த கெஸல் காருக்குப் பழையபடி லைவ் ஆக்சிலையே போட்டார்கள். வாங்கியவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஸ்விங் ஆக்சில் ஒத்துவரவில்லை.

ஒத்துவராததற்குக் கணக்கும் உண்டு. லைவ் ஆக்சிலில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் 135 செ.மீ. என்று வையுங்கள். ஒரு சக்கரம் 5 செ.மீ. கல்லில் ஏறினால் ஆக்சில் சுமார் 2 டிகிரி சாயும். ஸ்விங் ஆக்சிலில் கிரவுன் பக்கத்து மூட்டிலிருந்து சக்கரம் வரை 60 செ.மீ. என்றால், அதே கல்லில் அந்தச் சக்கரம் ஏறக்குறைய 5 டிகிரி சாயும்! வேகமாக வளைவில் திரும்பினால் வெளிச்சக்கரம் உள்ளே மடங்கி, வண்டியின் பின்பாகத்தைத் தூக்கிவிடவும் செய்யும். அமெரிக்காவில் 1960 முதல் 1964 வரை வந்த செவர்லே கார்வேர் காரின் ஸ்விங் ஆக்சிலைத்தான் ரால்ஃப் நாடர் 1965-இல் தம் புத்தகத்தில் கிழித்தெடுத்தார். ஆக, 'இண்டிபெண்டன்ட்' என்ற பெயர் மட்டும் சுகம் தராது. எந்த ஜியாமெட்ரி என்பதுதான் கேள்வி.

"அது பழைய டிசைன், நாங்க போடப்போறது புதுசு" என்பீர்கள். சரி. கிரவுனின் பாரம் பாடியோடு போய்விடும், சக்கரத்தோடு குதிக்கிற எடை குறையும், சவாரி மெத்தென்று இருக்கும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்பாசிடரின் லீஃப் ஸ்பிரிங் வெறும் ஸ்பிரிங்கா? பாரம் தாங்குகிறது. ஆக்சில் முன்னே பின்னே போகாமல் பிடிக்கிறது. பக்கவாட்டில் நகராமல் நிறுத்துகிறது. ஆக்சிலரேட்டர் மிதித்தாலும் பிரேக் மிதித்தாலும் ஹவுசிங் முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கிறது. ஒரு ஆள் நாலு வேலை! அவனை வேலையை விட்டு அனுப்பினால் அந்த நாலு வேலையையும் ஆர்ம், புஷ், பிராக்கெட் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆள் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த பிராக்கெட்டை எங்கே வெல்டு அடிப்பது? ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அம்பாசிடருக்கு அது இல்லை, பாடியே சேஸிஸ். ஸ்பிரிங் மாட்டுகிற இடங்களுக்குத்தான் அதில் வலு கொடுத்திருக்கிறார்கள். புது ஆர்ம் வந்து நிற்கிற இடத்தில் வெறும் தகடு. அதுவும் நம்ம ஊர்த் தகடு எப்படிப்பட்டது? வருசத்தில் இரண்டு மழைக்காலம், போதாததற்குக் குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று உப்புக்காற்று. பெயிண்டுக்குக் கீழே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று யார் சொல்ல முடியும்? பேச்சிப்பாறை ரோட்டு வளைவில் ஒரு வெல்டிங் விட்டால், நம்ம இன்டர்னல் மார்க் வந்து காப்பாற்றாது!

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைப் படியுங்கள். உற்பத்தியாளர் கொடுத்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதியும் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும் என்றே கேட்கிறது. அம்பாசிடர் 2014 மே மாதத்தோடு நின்றுபோன வண்டி. கெடுத்தால் இன்னொன்று செய்து தர உத்தரபாராவில் ஆள் இல்லை.

அப்போ சும்மா இருப்பதா? இல்லவே இல்லை! சவாரி தூக்கிப் போடுகிறது என்கிறீர்களே, அந்த வண்டியின் ஷாக்கிள் புஷ்ஷை எப்போது மாற்றினார்கள்? உட்கார்ந்துபோன பிளேட்டுக்கு வளைவு சரிபார்த்தார்களா? பிளேட்டுகளுக்கு நடுவில் துருவா, கிரீஸா? ஷாக் அப்சார்பர் உயிரோடு இருக்கிறதா? முதலில் இவற்றைச் சரிசெய்து, முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள். அதுவே ஒரு நல்ல பிராஜெக்ட்.

இண்டிபெண்டன்ட்தான் வேண்டும் என்றால் இரும்புச் சட்டத்தில் ரிக் ஒன்று கட்டுங்கள். காயலான் கடையில் ஒரு பின் சஸ்பென்ஷன் வாங்கி மாட்டுங்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, சென்டிமீட்டருக்குச் சென்டிமீட்டர் கேம்பர் அளந்து கிராஃப் போடுங்கள். உடைந்தால் இரும்புதான் உடையும், உயிர் போகாது. அடுத்த வருடம் வருகிற தம்பிகளுக்கும் அது பாடமாக நிற்கும்.

மாற்றத் தெரிந்தவன் மெக்கானிக். எதை மாற்றக்கூடாது என்று தெரிந்தவன் இன்ஜினியர். டிப்ளமோ படிக்கிற நாம் இரண்டுமாக இருக்க வேண்டியவர்கள்!